ஒரு 'எக்ஸ்டர்ன்' இல்லாமல் போன அரை நாள்

பல வருடமாக நான் பயன்படுத்தும் சின்ன சி நிரல் ஒன்று. எழுதியவர் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. டெபியன் 12 லினக்ஸுக்கு மாறியதும் அதன் பழைய மூலப்பொதியை எடுத்து பில்ட் செய்தேன். கம்பைல் எல்லாம் ஒழுங்காக ஓடி, கடைசியில் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) 'மல்டிபிள் டெஃபனிஷன்', அதாவது ஒரே பெயருக்குப் பல வரையறைகள், என்று கத்தியது.

காரணம் ஜிசிசி என்ற சி கம்பைலர். 2020-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து 'எஃப்நோ-காமன்' என்ற கொடி தானாகவே அமலில் இருக்கிறது. பல சி கோப்புகள் பகிரும் ஹெடர் கோப்பில் 'எக்ஸ்டர்ன்' (மாறி வேறிடத்தில் வரையறுக்கப்படுகிறது என்று சொல்லும் சொல்) போடாமல் மாறியை அறிவித்தால், அதைச் சேர்க்கும் ஒவ்வொரு சி கோப்பிலும் அந்த மாறி தனித்தனியாகப் பிறக்கும். முன்பு லிங்கர் அவற்றை ஓசைப்படாமல் ஒன்றாக்கிவிடும். இப்போது ஒத்துக்கொள்வதில்லை. 'எஃப்காமன்' என்ற கொடியைக் கொடுத்தால் பழையபடி ஓடும்தான். எனக்கு மனசு வரவில்லை. ஹெடரில் 'எக்ஸ்டர்ன்' சேர்த்து, மாறியை ஒரே ஒரு சி கோப்பில் வரையறுத்தேன். மொத்தம் இரண்டு வரி.

சரி, முடிந்தது என்று நினைத்தால், 'மூலத்தில் எதிர்பாராத மாற்றம்' என்று டிபிகேஜி-சோர்ஸ் (டெபியன் மூலப்பொதியைக் கட்டும் கருவி) மறுத்துவிட்டது. மூலமும் திருத்தங்களும் தனித்தனியாக இருக்கும் '3.0 குவில்ட்' வகைப் பொதியில் மூலக்கோப்பை நேரடியாகத் திருத்திவிட்டு அப்படியே விட முடியாது. திருத்தம் டெபியன் அடைவுக்குள் பேட்சஸ் என்ற இடத்தில் ஒட்டுக்கோப்பாக, அதாவது மாற்றத்தை மட்டும் பதிந்த கோப்பாக, இருக்க வேண்டும். (இதைத் தெரிந்துகொள்ளத்தான் அரை நாள்!) டிபிகேஜி-சோர்ஸை 'கமிட்' விருப்பத்தோடு ஓட்டி, ஒட்டுக்கு ஒரு பெயர் கொடுத்தேன், ஒட்டுகளை வரிசைப்படுத்தும் சீரீஸ் பட்டியலில் அதுவே சேர்த்துக்கொண்டது.

அப்புறம் பொதியின் மாற்றப்பதிவைத் திருத்தும் டிசிஎச் கருவியைக் கொண்டு பதிப்பு எண்ணின் வாலில் 'லோக்கல்1' சேர்த்து மறுபடி பில்ட் செய்தேன். நிறுவத் தயாரான டெப் கோப்பு வந்துவிட்டது. அந்த ஒட்டை மட்டும் தனியாக கிட் களஞ்சியத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.