கை அசைவின் தரத்தை சென்சாரால் அளப்பது எப்படி

கை எத்தனை டிகிரி உயர்கிறது என்று மட்டும் தெரிய வேண்டுமானால் மூட்டுக் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் போதும். சென்சார் கட்டுவது வேறு மூன்று கேள்விகளுக்காக: கை தடங்காமல் போனதா? கை எட்டாத தூரத்தை உடம்பு சாய்ந்து ஈடுகட்டியதா? கையைத் தூக்கும்போது தோள் காதை நோக்கி ஏறியதா? பக்கவாதத்துக்குப் பின் தேறி வருபவர்களுக்கும், தோள்பட்டை இறுகிப்போன சர்க்கரை நோயாளிகளுக்கும் சிகிச்சை தருகிறவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இவைதான். நான்கு சென்சார் இருந்தால் மூன்றையும் அளந்துவிடலாம்.

ஒவ்வொன்றிலும் வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானியும், சுழலும் வேகத்தை அளக்கும் ஜைரோவும் இருக்க வேண்டும். நொடிக்கு 100 பதிவு, முடுக்கத்துக்கு ±8 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் எட்டு மடங்கு), சுழற்சிக்கு நொடிக்கு ±1000 டிகிரி என்று அமைத்தால் அன்றாட வேலைகளுக்குத் தாராளம்.

எங்கே ஒட்டுவது

முதல் சென்சார் மார்பெலும்பின் மேல்பகுதியில், தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே. சட்டைக்கு மேல் கட்டினால் துணியின் அசைவைத்தான் அளப்பீர்கள். தோலில் இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். இரண்டாவது மேற்கையின் வெளிப்புறத்தில், முழங்கைக்கு நான்கு விரற்கடை மேலே. தோளருகே கொழுத்த தசையின் மேல் கட்டுவது பலர் செய்யும் தவறு: கை உயரும்போது தசை திரண்டு சென்சாரைப் புரட்டிவிடும். மூன்றாவது மணிக்கட்டுக்கு மேலே, கைக்கடிகாரம் கட்டும் பக்கத்தில். நான்காவது தோளின் உச்சியில் விரலால் தடவினால் தட்டுப்படும் தட்டையான எலும்பின் மேல். தோள் ஏறுவதைக் காட்டுவது இதுதான். ஆனால் கை சுமார் 120 டிகிரியைத் தாண்டியதும் தோல் நகர்ந்துவிடும். அதற்கு மேல் இது சொல்லும் எண்ணை எழுதாதீர்கள்.

சிங்கப்பூர் வெயிலில் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து வந்தவருக்கு வியர்வை அடங்குமுன் ஒட்டினால் டேப் ஐந்தாவது தடவையிலேயே வழுக்கும். பத்து நிமிடம் உட்கார வைத்து, தோலைத் துடைத்து, பிறகு ஒட்டுங்கள். அந்த நேரத்தில் சென்சார்களையும் ஆன் செய்து வையுங்கள். ஜைரோவின் பிழை வெப்பநிலையோடு மாறும். ஏர்கான் அறையிலிருந்து புளோக்கின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனால் அங்கே நிலைப்படும்வரை பொறுக்க வேண்டும்.

அளக்கும் முன்

நான்கையும் மேசையில் 60 நொடி அசையாமல் வைத்துப் பதியுங்கள். ஜைரோ காட்டும் சராசரியே அதன் பிழை, பின்னால் கழித்துவிடலாம். பிறகு நான்கையும் ஒரே கையில் இறுகப் பிடித்து மேசையில் மூன்று முறை தட்டுங்கள். ஒவ்வொன்றின் பதிவிலும் தெரியும் மூன்று கூர்முனைகளை வைத்து நேரத்தை ஒத்திசைக்கலாம்.

திசைகாட்டிபோல் திசையைச் சொல்லும் காந்தமானி சென்சாரில் இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். இங்கே பூமியின் காந்தப்புலம் சுமார் 42 மைக்ரோடெஸ்லா. நாற்காலியைச் சுற்றிச் சென்சாரை மெதுவாக நகர்த்தும்போது அந்த எண் 4, 5 அளவுக்கு மேல் ஏறி இறங்கினால் காந்தமானியை அணைத்துவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் அணைக்கத்தான் வேண்டியிருக்கும்: சுவருக்குள் இரும்புக் கம்பி, வாசலில் இரும்புக் கதவு, சில சமயம் மேசைக்காலே இரும்பு. அணைத்தால் திசை மெல்ல விலகிப்போகும். அதனால் ஒவ்வொரு பதிவையும் 30 நொடிக்குள் முடித்து, இடையிடையே அசையாத நிலையைத் திரும்பப் பதியுங்கள்.

சென்சாரை உடம்போடு பொருத்த, கையைத் தொங்கவிட்டு 10 நொடி அசையாமல் இருக்கச் சொல்வது வழக்கம். பக்கவாதம் வந்த கை நேராகத் தொங்காது. அவருக்கு முன்னங்கையை மேசையில் வைத்து, முழங்கையை 90 டிகிரியில் நிறுத்தி, அதையே தொடக்க நிலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யச் சொல்வது

இரண்டு வேலை போதும். ஒன்று, கைநீளத்தில் 80 சதவீத தூரத்தில் வைத்த கோப்பிக் குவளையை எடுத்து வாயருகே கொண்டுவருவது. மற்றது, கண்மட்டத்தில் கட்டிய துணிக்கம்பில் கிளிப் மாட்டுவது. ஜன்னலுக்கு வெளியே நீட்டும் கம்பு வேண்டாம், அறைக்குள் ஒரு கம்பைக் கட்டுங்கள். கிளிப் வேலை எளிமையாகத் தெரிந்தாலும் நிறையச் சொல்லும். தோள் இறுகியவர் கிளிப்போடு கையை உயர்த்தும்போது, 70, 80 டிகிரியை நெருங்கும் நேரத்தில் தோளுச்சி மேலே போகும், உடம்பு எதிர்ப்பக்கம் சாயும். கம்பை அவர் எட்டிவிடுவார். எட்டிய விதம் மார்பிலும் தோளுச்சியிலும் உள்ள சென்சார்களில் பதிந்திருக்கும்.

ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்யச் சொல்லி முதலாவதை விட்டுவிடுங்கள். வாய்மொழியை மாற்றாதீர்கள்: "பாட்டி, உங்களுக்கு வசதியான வேகத்துல எடுங்க" என்றால் எல்லாத் தடவையும் அதுவே. ஒரு நாள் "மெதுவா" என்றும் அடுத்த வாரம் "சீக்கிரம்" என்றும் சொல்லிவிட்டு முன்னேற்றம் என்று எழுதினால் அது பொய்க்கணக்கு. நல்ல கைகூட மிக மெதுவாகப் போனால் விட்டுவிட்டுத்தான் அசையும்.

கணக்கு

தடங்கலின்மைக்கு ஸ்பார்க் என்னும் அளவையே பரிந்துரைக்கிறோம். மணிக்கட்டு ஜைரோவின் மூன்று அச்சுகளையும் சேர்த்து ஒரே வேகமாக்கி, அந்த வேகத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அலைவரிசைப் படத்தின் வளைவு நீளத்தை எடுப்பது இது. 10 ஹெர்ட்ஸ் வரை மட்டும் எடுங்கள், உச்சத்தில் 0.05 பங்கு வாசல் (கணக்கில் சேர்க்கும் குறைந்தபட்ச அளவு). விடை எப்போதும் எதிர்ம எண். பூஜ்யத்திலிருந்து விலக விலக அசைவு கரடுமுரடு. நிரலைச் சோதிக்க, மணி வடிவிலான ஒரே மேடு கொண்ட செயற்கை வேக வளைவைக் கொடுங்கள்: −1.4 அருகே வர வேண்டும். முடுக்கமானியைத் தொகையிட்டு வேகம் எடுக்காதீர்கள், சில நொடியிலேயே விலகல் பெருகிவிடும்.

பதிவைத் துண்டுகளாக வெட்டும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். குவளையை நோக்கிப் போவது, பிடிப்பது, திரும்புவது மூன்றும் தனித்தனி. பிடிக்கும் இடைவெளியையும் சேர்த்து ஒரே துண்டாகக் கொடுத்தால் நல்ல கையும் கெட்டதாகத் தெரியும். வேகம் உச்சத்தில் 5 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் தொடங்கி, அதற்குக் கீழே இறங்கும் இடத்தில் முடியுங்கள்.

தோள் கோணத்துக்கு மூன்று சுழற்சிக் கோணங்களாகப் பிரிக்கும் வழக்கமான முறையில் ஒரு சிக்கல்: கை தொங்கும் நிலையை நெருங்கும்போது உயர்வுத் தளம் (கை எந்தப் பக்கமாக உயர்கிறது என்னும் கோணம்) திடீரென 100 டிகிரிகூடத் தாவும். அது நோயாளியின் கோளாறு இல்லை, கணிதத்தின் கோளாறு. மேற்கை எலும்புக்கும் உடம்பின் நெடுக்கு அச்சுக்கும் இடையிலான ஒரே கோணத்தை எடுத்தால் தாவல் இராது. கையை உள்ளும் புறமும் திருப்பும் கோணத்தைச் சென்சார் குறைத்தே காட்டும், ஏனென்றால் எலும்பு திரும்பும் அளவுக்குத் தோல் திரும்பாது. எதுவானாலும் 5 டிகிரிக்குள் வரும் வித்தியாசத்தை நாங்கள் முன்னேற்றமாக எழுதுவதில்லை.

நாள் முழுக்க மணிக்கட்டில் கட்டிவிட்டு எடுக்கும் அசைவு எண்ணிக்கையை இதோடு கலக்காதீர்கள். சந்தைக்கு நடந்து போகும்போது வீசிய கையும் அதில் "பயன்பாடு" ஆகிவிடும்.

ஃபைல் பெயரில் ஆளின் பெயரோ அடையாள அட்டை எண்ணோ வேண்டாம். குறியீட்டு எண், தேதி, எந்தக் கை, எந்த வேலை, நாற்காலியின் உயரம். கடைசியாகச் சொன்னதை எழுத மறந்தால் அடுத்த மாத அளவீட்டை இதோடு ஒப்பிட முடியாது.