கேம்பர் டிரெய்லருக்குச் சரியான ஹிட்ச்: என் அனுபவம்

காரின் பின்னால் இழுத்துச்செல்லும் முகாம் வண்டியான கேம்பர் டிரெய்லரை மாட்டியதும் காரின் பின்பக்கம் அமுங்கி, முகப்பு விளக்குகள் சாலையை விட்டுவிட்டு மரக்கிளைகளைக் காட்டின. வேகமெடுத்தால் ஸ்டீயரிங்கில் பிடிப்பே இருக்காது. காரின் பின்னால் டிரெய்லரை இணைக்கும் ஹிட்ச்சை இன்னும் பெரியதாக வாங்கு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் எடைபோட்டுப் பார்த்தேன்.

வட அமெரிக்கக் கணக்குப்படி, சாமான் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மீது இறங்கலாம். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் காரின் முன்சக்கரங்கள் தரையில் சரியாகப் பதியாது. 1500 கிலோ டிரெய்லரில் எனக்கு இறங்கியது 240 கிலோ. கனமான பெட்டிகளை டிரெய்லரின் சக்கர அச்சுக்கு அருகே நகர்த்தியதும் அது 200 ஆனது.

ஆனாலும் பின்பக்கம் முழுதாக நிமிரவில்லை. காரின் கையேடு அனுமதித்ததால், எடையைப் பகிரும் ஹிட்ச்சுக்கு மாறினேன். அதன் இரு வில்கம்பிகள் பாரத்தின் ஒரு பகுதியைக் காரின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடுகின்றன. முன்சக்கர வளைவின் உயரத்தை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் டேப்பால் அளந்து, வில்கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக இறுக்கினேன். உயர்ந்திருந்த முன்பக்கம் பெருமளவு இறங்கியது.

டிரெய்லர் மாட்டப்படும் ஹிட்ச் பந்தின் அளவில் மட்டும் சமரசமே கூடாது. 2 அங்குலப் பந்தின் மேல் 2 5/16 அங்குலக் கப்ளர் (பந்தைக் கவ்வும் டிரெய்லர் முனை) அழகாக உட்கார்ந்து பூட்டிக்கொண்டதுபோல் தெரியும். ஆனால் முதல் பள்ளத்திலேயே கப்ளர் பந்தைவிட்டு எகிறிவிடலாம். கார், ஹிட்ச், பந்து, கப்ளர் ஆகியவற்றில் எதன் தாங்குதிறன் குறைவோ, அதுவே இழுக்கக்கூடிய எல்லை.