அண்ணா பல்கலைக்கழகம் பக்கத்தில் ஒரு பெட்ரூம் வீடு தேடுவது எப்படி?

கிண்டி வளாகத்தில் சேர்ந்தாயிற்று, விடுதி ஒத்துவரவில்லை, தனியாகவோ இன்னொருவருடன் சேர்ந்தோ சின்ன வீடு வேண்டும். சென்னைக்குப் புதியவர் என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்.

முதலில் பட்ஜெட். வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெயின்டனன்ஸ், தண்ணீர், கரண்ட் மூன்றையும் கூட்டினால்தான் உண்மையான மாதச் செலவு தெரியும்.

அடுத்து ஏரியா. அடையாறு காந்தி நகர் பக்கம் வாடகை கையைக் கடிக்கும். கோட்டூரின் உள் தெருக்களில் பழைய மாடி போர்ஷன்கள் உண்டு. வகுப்புக்கு நடந்தே போகலாம். அங்கே அமையாவிட்டால் ஆற்றைத் தாண்டி சைதாப்பேட்டை. கடற்கரை - வேளச்சேரி பறக்கும் ரயில் பக்கத்திலேயே கோட்டூர்புரத்தில் நிற்கும் என்பதால் தரமணி, வேளச்சேரி வரைகூடத் தேடலாம்.

அப்புறம் நடக்க வேண்டும். ஆப்பில் வராத வீடுகள் இங்கே நிறைய. கேட்டில் ஒரு 'டு லெட்' அட்டையைக் கட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். இஸ்திரி வண்டிக்காரரிடமும் மளிகைக் கடையிலும் "அண்ணா, இங்க சின்ன வீடு ஏதாவது காலியாகுதா?" என்று கேளுங்கள். எந்த வீட்டில் யார் காலி செய்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். புரோக்கர் மூலம் போனால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன். கல்யாணம் ஆகாதவர்களுக்குக் கொடுப்பார்களா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

வீட்டைப் பார்க்கும்போது அவசரம் வேண்டாம். சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு வெள்ளை மக்கில் தண்ணீர் பிடியுங்கள். மஞ்சளாக இருந்தால் போர்வெல் தண்ணீரில் இரும்பு அதிகம். உப்புக் கரித்தால் குடிக்கக் கேன் தண்ணீர்தான். மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் குழாயில் விடுவது) வருகிறதா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் காசை யார் தருவது என்று கேளுங்கள். தரைத்தளம் என்றால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை இரண்டுமே மூழ்கின. எதுவரை தண்ணீர் நின்றது என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டால் கையை வைத்தே காட்டுவார். எனக்கு இது மிக முக்கியம். மழைக்காலத்தில் புத்தகமும் லேப்டாப்புமாக மொட்டை மாடிக்கு ஓடும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

கரண்ட்டுக்குத் தனி மீட்டர் இருக்கும் வீடாகப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை அப்போதுதான் நேராக உங்களுக்கு வரும். ஓனரின் மீட்டரிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டர் என்றால் அவர் சொல்வதுதான் ரேட். யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் 120 யூனிட்டுக்கு 1,200 ரூபாய்.

சரி, வீடு பிடித்துவிட்டது. அட்வான்ஸ் பேசுங்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதிகம் கேட்டால் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வீட்டை உறுதி செய்ய முன்கூட்டித் தரும் டோக்கன் அட்வான்ஸுக்கும் ரசீது கேளுங்கள்.

சாவி வாங்கிய அன்றே ஒழுகல், விரிசல், உடைந்த தாழ்ப்பாள், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதன் பிறகு பாயை விரியுங்கள்.