சிறிய விமான நிலையத்தை விரிவாக்கினால் கட்டுப்படியாகுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விமானங்கள் மட்டுமே வந்துபோகும் ஒரு சிறிய நிலையம். ஓடுபாதையை நீட்டினால் ஜெட் வரும். ஜெட் வந்தால் பயணிகள் பெருகுவார்கள். பயணிகள் பெருகினால் கடன் அடைந்துவிடும். விரிவாக்க அறிக்கைகளில் முக்கால்வாசி இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும். மூன்றையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். ஒன்று பொய்த்தாலும் கையில் மிஞ்சுவது கான்கிரீட்டும் வட்டியும்தான்.

ஸ்பெயினில் சியுடாட் ரியால் விமான நிலையம் சுமார் 100 கோடி யூரோ செலவில், 4 கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுபாதையுடன் 2008இல் திறந்தது, 2012இல் மூடிவிட்டார்கள். அதே நாட்டில் காஸ்டெயோன் நிலையத்துக்கு 2011 மார்ச்சில் திறப்பு விழா நடந்தது. முதல் வணிக விமானம் வந்து சேர 2015 செப்டம்பர் ஆயிற்று. இலங்கையின் மத்தல நிலையம் ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகளுக்கென்று 2013 மார்ச்சில் திறந்தது. 2018இல் எஞ்சியிருந்த ஒரே விமான நிறுவனமும் விலகிக்கொண்டது. எங்கேயும் ஓடுபாதை குட்டையாக இருந்ததால் விமானம் வராமல் போகவில்லை.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது: விமானத்தை இப்போது வரவிடாமல் தடுப்பது எது? ஓடுபாதையா, நிறுத்துமிடமா, இரவு விளக்கா, அல்லது ஏறுவதற்கு ஆளே இல்லாததா? கடைசிக் காரணத்தைக் கட்டுமானத்தால் தீர்க்க முடியாது.

எந்த விமானம் என்று தெரியாமல் ஓடுபாதையை நீட்டுவது

ஐரோப்பியத் தணிக்கை மன்றம் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் கட்டிய 20 விமான நிலையங்களை ஆராய்ந்து 2014இல் அறிக்கை வெளியிட்டது. கிரேக்க நாட்டின் கஸ்தோரியாவில் ஓடுபாதையை நீட்டினார்கள். எந்த ரக விமானத்துக்காக நீட்டினார்களோ, அந்த ரகம் ஒரு தடவைகூட அங்கே இறங்கவில்லை என்று அந்த அறிக்கை பதிவு செய்கிறது.

நீளத்தைக் கணக்கிடுவது ஒன்றும் மர்மமில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தரும் முதல்கட்ட வாய்பாடு இது: விமானத்துக்குத் தேவையான அடிப்படை நீளத்தை, கடல்மட்டத்துக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் 7% கூட்ட வேண்டும், அந்த உயரத்துக்கென்று வகுத்துள்ள நிலையான வெப்பநிலையைவிட நிலையத்தின் குறிப்பு வெப்பநிலை (வெப்பம் மிகுந்த மாதத்தில் தினசரி உச்ச வெப்பநிலையின் சராசரி) எத்தனை டிகிரி கூடுதலோ அத்தனை சதவீதம் கூட்ட வேண்டும், ஓடுபாதைச் சரிவு ஒவ்வொரு 1 சதவீதத்துக்கும் 10% கூட்ட வேண்டும். ஏ320 ரக ஜெட் முழு எடையுடன் மேலெழ கடல்மட்டத்தில் சுமார் 2,100 மீட்டர் வேண்டும். நிலையம் 300 மீட்டர் உயரத்தில் இருந்தால் 2,247. குறிப்பு வெப்பநிலை 33 டிகிரி, அந்த உயரத்தின் நிலையான வெப்பநிலை சுமார் 13 டிகிரி, வித்தியாசம் 20. இப்போது 2,696. சரிவு அரை சதவீதம் என்றால் இன்னும் 5% சேர்ந்து 2,831 மீட்டர். இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் “இருக்கும் 2,000 மீட்டரோடு இன்னும் 850 மீட்டர் தேவை” என்று எழுதிவிடுகிறார்கள்.

தவறு எங்கே? அது முழு எடைக்கான நீளம். ஒரு மணி நேரப் பயணத்துக்கு எந்த விமானமும் தொட்டி நிறைய எரிபொருளோடு கிளம்புவதில்லை. எடை குறைந்தால் தேவையான நீளமும் கணிசமாகக் குறைகிறது. அதனால் எந்த வழித்தடம், எந்த ரகம், எத்தனை பயணிகள் என்று முடிவு செய்துகொண்டு, விமான நிறுவனத்தின் செயல்திறன் பொறியாளரிடமே அந்த எடைக்கான கணக்கை எழுத்தில் வாங்க வேண்டும். 70 முதல் 78 இருக்கை கொண்ட ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் ரகத்துக்குக் கடல்மட்டத்தில் 1,300 மீட்டர் அளவே போதும். அந்த ஊரிலிருந்து நாளைக்கு 60 பேர்தான் பறக்கிறார்கள் என்றால் நீட்டவே வேண்டியதில்லை.

நீட்டத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டாலும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் நிலம் போதாது. ஓடுபாதை முடிந்த பிறகு 60 மீட்டர் சமதளப் பட்டை, அதற்கப்பால், பாதை தாண்டி ஓடிவிடும் விமானத்துக்கென்று பாதுகாப்புப் பகுதி. இந்தப் பாதுகாப்புப் பகுதி குறைந்தது 90 மீட்டர். பெரிய ஓடுபாதைகளுக்குப் பரிந்துரை 240 மீட்டர். பழைய நிலையங்கள் பல 90உடன் நிற்பவை. விரிவாக்க அனுமதி கேட்கும்போது 240 கேட்பார்கள். அந்த 150 மீட்டர் வித்தியாசம் ஒரு சாலைக்கோ ஓடைக்கோ குறுக்கே போய் நிற்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது தடைகளின் உயரம். கருவி உதவியோடு இறங்கும் பெரிய ஓடுபாதையில், எந்தத் தடையும் முட்டக்கூடாத இறங்குபாதையின் கற்பனைத் தளம் தொடக்கத்தில் 2% சரிவில் மேலேறும். இறங்கும் முனையை 500 மீட்டர் வெளியே தள்ளினால், அந்தத் திசையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே அந்தத் தளம் 10 மீட்டர் கீழே வந்துவிடும். நேற்றுவரை மயிரிழையில் தப்பி நின்ற அலைபேசிக் கோபுரமும் மரவரிசையும் இன்று தடை. அவற்றை அகற்ற முடியாவிட்டால் இறங்கும் முனையைப் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். நீட்டிய பகுதி அந்தத் திசையில் இறங்க உதவாது. தடை அளவீட்டை நிலம் வாங்கும் முன் செய்யுங்கள். டெண்டர் விட்ட பிறகு தெரியவந்தால் அந்தப் பணம் போனது போனதுதான்.

கட்டும் செலவை மட்டும் பார்ப்பது

பெரிய விமானம் தன்னோடு நிரந்தரச் செலவையும் கூட்டிவரும். தீயணைப்பை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் நீளத்தையும் உடல் அகலத்தையும் வைத்துப் பிரிவு நிர்ணயமாகிறது. 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் 72 5ஆம் பிரிவு: ஒரு வண்டி, பி தர நுரைக்கு 5,400 லிட்டர் தண்ணீர். 37.57 மீட்டர் நீளமுள்ள ஏ320 6ஆம் பிரிவு: இரண்டு வண்டி, 7,900 லிட்டர். 44.5 மீட்டர் நீளமுள்ள ஏ321 7ஆம் பிரிவு: வண்டி இரண்டே, தண்ணீர் 12,100 லிட்டர். வண்டி ஒருமுறைச் செலவு. அதை ஒவ்வொரு ஷிப்டிலும் இயக்கும் ஆட்கள், பயிற்சி, விடுப்பு மாற்று எல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவு. ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஒரு பக்கமாக நீட்டினால் தீயணைப்பு நிலையத்தையே இடம் மாற்ற நேரலாம்.

இங்கே பயன்படுத்தப்படாமல் போகும் ஒரு சலுகையும் இருக்கிறது. அந்தப் பெரிய ரகம் மேலெழுவதும் தரையிறங்குவதும் சேர்த்து, நெரிசல் மிகுந்த தொடர்ச்சியான மூன்று மாதங்களில் 700க்குக் கீழே இருந்தால், ஒரு பிரிவு குறைவாக வைத்துக்கொள்ள சர்வதேச விதி இடம் தருகிறது. நாளைக்கு நான்குக்கும் குறைவான ஜெட் சேவை உள்ள நிலையங்கள் இந்த வரம்புக்குள் வரும். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையம் ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பட்ஜெட் போடுங்கள்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் புதிதாகக் கட்டும் முன்னும் இதே நிதானம் வேண்டும். ஸ்வீடனின் எர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தை 2015 ஏப்ரல் முதல் சுண்ட்ஸ்வாலில் இருக்கும் மையத்திலிருந்து கேமரா வழியே இயக்குகிறார்கள். போக்குவரத்து குறைந்த நிலையத்துக்குக் கோபுர ஊழியர் சம்பளம் பெரும் சுமை. அதைப் பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறது.

பயணிகளை இரண்டு முறை எண்ணுவது

நிதிக் கணக்கில் அதிகம் நிகழும் தவறு இது. “ஆண்டுக்கு 2 லட்சம் பயணிகள்” என்றால் வந்தவர், போனவர் இருவரும் சேர்த்து. பயணியர் கட்டணம் பெரும்பாலும் புறப்படுபவரிடம் மட்டுமே வசூலாகிறது. 2 லட்சத்தைக் கட்டணத்தால் பெருக்கினால் வருவாய் இரு மடங்காகத் தெரியும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். எந்த நாட்டுப் பணமும் வேண்டாம். புறப்படும் ஒரு பயணியால் கடை, வண்டி நிறுத்தம், இறங்கு கட்டணம் எல்லாம் சேர்த்து, விமான நிறுவனத்துக்குத் தந்த தள்ளுபடி போக, நிலையத்துக்கு நிற்கும் தொகையை 1 அலகு என்று வைத்துக்கொள்வோம். விரிவாக்கச் செலவு 40 லட்சம் அலகு. 8% வட்டி, 25 ஆண்டுத் தவணை என்றால் ஆண்டுக்கு 3.75 லட்சம் அலகு கட்ட வேண்டும். தீயணைப்பு, பராமரிப்பு, மின்சாரம் என்று கூடுதல் இயக்கச் செலவு 1.25 லட்சம். ஆகமொத்தம் ஆண்டுக்கு 5 லட்சம் கூடுதல் புறப்பாட்டுப் பயணிகள் தேவை. 180 இருக்கை விமானம் 80% நிரம்பி தினம் ஒருமுறை கிளம்பினால் ஆண்டுக்கு 52,560 பேர். அப்படியானால் இப்போது இருப்பதற்கு மேல் நாளைக்கு ஒன்பது பத்து ஜெட் கிளம்ப வேண்டும், அதுவும் முதல் ஆண்டிலிருந்தே. ஐந்து ஆண்டு கழித்து வரும் 1 அலகின் இன்றைய மதிப்பு இதே வட்டியில் 0.68 மட்டுமே.

“கூடுதல்” என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. விரிவாக்காமலே வந்திருக்கக்கூடிய பயணிகளை விரிவாக்கத்தின் வரவில் எழுதக்கூடாது. இரண்டு அட்டவணை தயாரியுங்கள்: கட்டினால் என்ன, கட்டாவிட்டால் என்ன. வித்தியாசம் மட்டுமே திட்டத்தின் பலன்.

பக்கத்து நிலையத்தை மறந்துவிடுவதும் இங்கேதான் நடக்கும். வட்டம் வரைந்து “100 கிலோமீட்டருக்குள் இத்தனை லட்சம் மக்கள்” என்று எழுதுவது பயணிகள் வரவைக் காட்டாது. அந்த மக்கள் இன்று எந்த நிலையத்தில் ஏறுகிறார்கள், ஏன்? பெரிய நிலையத்தில் நாளைக்கு எட்டு சேவை, சீட்டு விலை குறைவு என்றால் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போகத் தயங்கமாட்டார்கள். ஜெர்மனியின் ஸ்வைப்ரூக்கன் நிலையத்துக்குச் சாலையில் சுமார் 40 கிலோமீட்டரில் சார்ப்ரூக்கன் நிலையம் இருந்தது. இரண்டுக்கும் போதிய பயணிகள் இல்லை. 2014இல் ஐரோப்பிய ஆணையம் ஸ்வைப்ரூக்கன் பெற்ற அரசு உதவியைத் திருப்பித் தரச் சொன்னது. அதற்குள் நிலையம் திவாலாகியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரோடு பயணியர் சேவை நின்றது.

அதே ஆண்டு அந்த ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் உள்ள அளவுகோல் எந்த நாட்டுக்கும் உரைகல்லாகப் பயன்படும். ஆண்டுக்கு 2 லட்சம் பயணிகளுக்குக் கீழே உள்ள நிலையம் இயக்கச் செலவில் பெரும்பகுதியைத் தானே ஈட்ட முடியாமல் போகலாம்; 10 லட்சத்தைத் தாண்டினால்தான் பெரும்பகுதியை ஈட்ட முடியும்; 30 லட்சத்துக்கு மேல் வழக்கமாக இயக்க லாபம். ஒன்றரை லட்சம் பயணிகள் உள்ள நிலையம் கட்டுமானக் கடனையும் தானே அடைக்கும் என்று ஓர் அறிக்கை சொன்னால், எப்படி என்று வரிவரியாகக் கேட்க வேண்டும்.

மானியத்தால் வந்த விமானத்தை நிரந்தர வரவாக எழுதுவது

சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் இந்தியாவின் உடான் திட்டத்தில் தேர்வான வழித்தடத்துக்கு மூன்று ஆண்டு நட்ட ஈடு தரப்படுகிறது. இந்தியத் தணிக்கைத் துறை 2023இல் தந்த அறிக்கைப்படி, ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 371தான் தொடங்கின; 112 மட்டுமே மூன்று ஆண்டை முடித்தன; மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. இதனால் மானியமே தப்பு என்று ஆகாது. எட்டாத ஊருக்கு மருத்துவமும் படிப்பும் போய்ச்சேர விமானம் தேவைப்படலாம். அதற்கு அரசு செலவிடுவது நியாயம். மூன்று ஆண்டு மானியத்தை நம்பி 25 ஆண்டுக் கடன் வாங்குவதுதான் ஆபத்து.

ஒரே விமான நிறுவனத்தை நம்புவதும் இதே ரகம். அவர்களுக்கு விமானம் நகரக்கூடிய சொத்து. உங்களுக்கு ஓடுபாதை நகராத சொத்து. பேரம் பேசும்போது இந்த வித்தியாசம் அவர்கள் பக்கம் நிற்கும். சலுகை தருவதென்றால் ஏற்றிய பயணிக்கு இவ்வளவு என்று, ஆண்டுதோறும் குறையும் விகிதத்தில் தாருங்கள். குறைந்தபட்ச ஆண்டுச் சேவை எண்ணிக்கையும், இடையில் விலகினால் பெற்ற சலுகையைத் திருப்பித் தரும் விதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கையெழுத்தான ஒப்பந்தம் வேண்டும். “ஆர்வம் தெரிவிக்கும் கடிதம்” வங்கிக்கு உதவலாம், கடனை அடைக்காது.

சரக்கு விமானம் வந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கையையும் இதே கண்ணோடு பாருங்கள். விமானச் சரக்கில் கணிசமான பங்கு பெரிய நிலையங்களில் பயணியர் விமானங்களின் வயிற்றில் போகிறது; அங்கே கொண்டுசேர்க்க லாரி போதும்.

ஒரு மணி நேர நெரிசலுக்கு முனையம் கட்டுவது

முனையத்தின் அளவை ஆண்டுக் கணக்கு தீர்மானிப்பதில்லை, உச்ச மணி நேரம்தான் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விமான நிர்வாகத்தின் வழக்கமான அளவுகோலில், 1 முதல் 5 லட்சம் பயணிகள் உள்ள நிலையத்தின் உச்ச மணிப் பங்கு ஆண்டுத் தொகையில் 0.13%. 3 லட்சத்துக்கு 390 பேர். ஏ320 ஒன்று வந்திறங்கி அதே மணியில் திரும்பக் கிளம்பினால் 360 இருக்கை. அதாவது ஒரு ஜெட்டும் கொஞ்சமும். இரண்டு ஜெட் ஒரே மணியில் மோதுவதால்தான் கூடம் திணறுகிறது என்றால், ஒன்றை 50 நிமிடம் தள்ளிவைக்கப் பேசுவது கட்டடத்தைவிட மலிவு. எங்கே தேங்குகிறது என்று கடிகாரத்தோடு நின்று பாருங்கள். ஒரு பாதுகாப்புச் சோதனை வரிசையில் மணிக்கு 150 பேர் போகிறார்கள் என்றால் 180 பேர் கடக்க 72 நிமிடம். இரண்டாவது எக்ஸ்-ரே இயந்திரமும் நாலைந்து ஊழியரும் சேர்த்தால் அது 36 நிமிடம் ஆகும். கூடத்தில் ஒரு செங்கல்லும் கூட வேண்டாம்.

விரிவாக்கித்தான் ஆக வேண்டுமென்றால் வரிசை முக்கியம். முதலில் நிலத்தையும் தடை மண்டலத்தையும் காப்பாற்றி வையுங்கள். கைவிட்டால் பிறகு திரும்பக் கிடைக்காதவை அவை. அடுத்து விமான நிறுத்துமிடம் ஒன்றோ இரண்டோ, ஏனென்றால் பல நிலையங்களில் முதலில் நிரம்புவது அதுதான். ஓடுபாதைக்கு இணையாக விமானம் ஊர்ந்து செல்லும் தனிப்பாதைக்கு (இணை டாக்ஸிவே) பதில் ஓடுபாதை முனையில் திரும்புதளம் நெடுங்காலம் போதும். நிலத்தில் கருவி நடாமல் செயற்கைக்கோள் வழிகாட்டலில் இறங்கும் முறைக்கு அனுமதி வாங்கிவிட்டால் மூடுபனி ரத்துகள் குறையும். முனையத்தைப் பகுதி பகுதியாக நீட்டும்படி வரையுங்கள். அடுத்த பகுதியைத் தொடங்க “தொடர்ந்து இரண்டு ஆண்டு இத்தனை லட்சம்” என்ற நிபந்தனையை இப்போதே எழுதிவையுங்கள்.

பயணிகள்தான் ஒரே தொழில் என்றும் நினைக்க வேண்டாம். ஸ்பெயினின் டெருவெல் நிலையம் 2013இல் இயங்கத் தொடங்கியது. வழக்கமான பயணியர் சேவை இல்லை. வறண்ட காற்று, பரந்த நிலம்; விமானங்களை நிறுத்திவைக்கவும் பராமரிக்கவும் பிரிக்கவும் நிறுவனங்கள் அங்கே கொண்டுவருகின்றன. அதற்குத் தேவைப்பட்டது கெட்டியான நிறுத்துதளமும் பழுதுக் கூடாரமும்.