பாடசாலைத் தோட்டக்கலை: ஆண்டுத் திட்டத்திலேயே நிகழும் தவறுகள்

கொழும்புப் பாடசாலைகளில் அறிமுகத் தோட்டக்கலையைக் கற்பிக்கத் தொடங்கும் இளம் ஆசிரியர்கள் தம் ஆண்டுத் திட்டத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்பதுண்டு. ஆரம்ப காலத்தில் நாங்கள் விட்ட பிழைகளே அவற்றில் திரும்பவும் வருகின்றன. நீர் ஊற்ற மறப்பது, களை பிடுங்காமல் விடுவது போன்றவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

பாடநூல் ஒழுங்கில் விதைப்பது

மண், தாவரப் பகுதிகள், இனப்பெருக்கம், நாற்றுமேடை என்று அத்தியாயம் அத்தியாயமாகச் சென்றால், விதை மண்ணில் விழும்போது பெப்ரவரி முடிந்துவிடும். வெண்டி, விதைத்த 45 முதல் 50 நாட்களில் முதற்காய் தரும் பயிர். அப்படியானால் அறுவடை சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குள் போய் விழுகிறது என்பதைத் திட்டம் எழுதியவர் கணக்கிட்டே பார்ப்பதில்லை.

ஒரு பாடசாலையில் மாணவர்கள் காலையில் வந்து முறைவைத்து நீர் ஊற்றி வளர்த்த வெண்டி, விடுமுறை தொடங்கும் நேரத்தில் பூத்தது. அவர்கள் திரும்பி வந்தபோது காய்கள் சாண் நீளத்துக்கு முற்றி நின்றன. பூ விரிந்த ஒரு வாரத்துக்குள் பறிக்க வேண்டிய காய் அது. பிஞ்சாக இருந்தால் நுனி பட்டென்று ஒடியும். அந்தக் காய்களின் நுனி நார்போல் வளைந்ததே தவிர ஒடியவில்லை. ஒரு தவணை முழுவதும் உழைத்த பிள்ளைகளுக்கு ஒரு காய்கூடச் சமைக்கக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர்களுள் பலர் பாடத்தை மாற்றிக்கொண்டனர். இத்தனை எளிய கணக்கில் இன்னும் தவறுவதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது.

ஆகவே, தவணைத் திகதிகள் அடங்கிய சுற்றறிக்கையை முதலில் எடுத்து, விடுமுறைக்கு மூன்று வாரம் முன்பு அறுவடை தொடங்குமாறு பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறியுங்கள். தவணையின் முதல் வாரங்களிலேயே விதைத்துவிட்டு, பயிர் வளரும்போது மண்ணைப் பற்றிக் கற்பிக்கலாம். வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கையில் எடுத்துக் காட்டும் வசதியும் அப்போதுதான் கிடைக்கும். கங்குன் கீரை மூன்று, நான்கு வாரங்களில் அறுவடைக்கு வருவதால் தாமதமான வகுப்புக்கும் கைகொடுக்கும். மிளகாய்க்கு நாற்றுமேடையிலேயே ஏறத்தாழ ஒரு மாதம் போய்விடும் என்பதால், அதை ஒரே தவணைக்குள் அடக்க முயல வேண்டாம்.

ஒக்டோபரில் திறந்த பாத்தி

கொழும்பில் ஒக்டோபரும் நவம்பரும் கனமழை மாதங்கள். சிறு விதைகள் முளைக்கும் முன்பே அடித்துச் செல்லப்படும். அந்தத் தவணையை, கூரையின் கீழ் செவ்வரத்தைத் தண்டு நடுவதற்கும், தும்புச்சோறும் (தென்னந்தும்பிலிருந்து கிடைக்கும் தூள்) கூட்டெருவும் மண்ணும் கலந்து பைகளை நிரப்புவதற்கும் ஒதுக்குங்கள். முற்றம் முழுவதும் கொங்கிறீற்றாக உள்ள நகரப் பாடசாலைகளுக்கு அந்தப் பைகளே வயல்.

மலைநாட்டுப் பயிர்கள்

1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் விளையும் கரட்டையும் கோவாவையும் கொழும்பு வெப்பத்தில் முதற்பயிராக வைக்க வேண்டாம்.

தொட்டியின் அடித்தட்டு

தட்டில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும், தட்டே வேண்டாம்.

வகுப்புக்கு ஒரே பாத்தி

முன்வரிசையில் நிற்கும் நால்வர் மட்டுமே வேலை செய்வார்கள். இருவருக்கு ஒரு பை என்று கொடுத்து, அவர்களின் பெயரையும் விதைத்த திகதியையும் பையிலேயே எழுதச் செய்யுங்கள்.