பர் ஓக்: பெரிய கன்று வேண்டாம், கொட்டையை ஊன்றுங்கள்

சிகாகோவின் மேற்குப் புறநகர்களில் புது வீடு வாங்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சீக்கிரம் நிழல் தர என்ன மரம் வைக்கலாம்?" நான் சொல்வது பர் ஓக். சீக்கிரம் வளராது, ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்த மரம். ப்ரேரி புல்வெளியில் தீ பரவிய காலத்தில், தக்கை மாதிரித் தடித்த பட்டையோடு தாக்குப்பிடித்து நின்றது இதுதான். வீடு கட்டியவர்கள் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுப் போன சுண்ணாம்புக் களிமண்ணையும் மைனஸ் 30 டிகிரிக் குளிரையும் தாங்கும். இதே மண்ணில் பின் ஓக் என்ற இன்னொரு ஓக் வகையை வைத்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் நடுக்கோடையிலேயே இலை மஞ்சளடித்துப் போகும்.

முதலில் இடம். 70, 80 அடி உயரம் போகும், கிட்டத்தட்ட அதே அகலத்துக்குக் கிளை விரிக்கும். சுவரிலிருந்து 30 அடியாவது தள்ளி வையுங்கள், மேலே மின்கம்பி இருக்கக் கூடாது. வீட்டுக்கு மேற்கே அமைந்தால் ஜூலை மாத மாலை வெயிலை மறைக்கும். இலை உதிர்க்கும் மரம் என்பதால் குளிர்காலத்தில் வெளிச்சம் குறையாது. தோண்டுவதற்குச் சில நாள் முன்பே, நிலத்தடிக் குழாய்களைக் குறித்துத் தரும் சேவையின் 811 எண்ணை அழைத்து, கேஸ் குழாய், கேபிள் போகும் இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்.

செப்டம்பரில் கொட்டை உதிரும். ஓரத்தில் குஞ்சம் தொங்கும் குல்லா பாதிக் கொட்டையை மூடியிருக்கும். வேறு ஓக்கோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லை. தெரிந்தவர் தோட்டத்தில் கேட்டுப் பொறுக்குங்கள், பாதுகாக்கப்பட்ட காடுகளில் வேண்டாம். குல்லாவைக் கழற்றி, கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டூசி குத்தினாற்போல் துளை இருந்தால் உள்ளே வண்டுப் புழு இருக்கிறது, அல்லது தின்று முடித்து வெளியேறிவிட்டது. மிச்சத்தைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்குவதை அன்றைக்கே ஊன்றுங்கள். காய்ந்தால் உயிர் போய்விடும்.

பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒன்றரை அங்குல ஆழத்தில், நிரந்தரமாக நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பர் ஓக் முதலில் கவனிப்பது வேரைத்தான். மேலே ஒரு சாண் தண்டு நிற்கும்போது கீழே ஆணிவேர் மூன்று, நான்கு அடி இறங்கியிருக்கும். தொட்டியில் வளர்த்தால் அந்த வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். தோண்டி எடுத்த பெரிய கன்றிலோ அது வெட்டுப்பட்டிருக்கும். வறட்சியில் மரத்தைக் காப்பாற்றுவது ஆழமாகப் போன வேர்தான். கொட்டை கிடைக்காவிட்டால், இருப்பதில் சின்னக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள்.

அணில் விடாது. ஓரிடத்தில் மூன்று, நான்கு கொட்டை போட்டு, அரை அங்குலக் கண் வைத்த கம்பிவலையைக் கூண்டாக்கி, மேலேயும் மூடி, விளிம்பை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். முளைத்தபின் திடமான ஒன்றை விட்டு மற்றதைத் தரையோடு வெட்டிவிடலாம். மூடியை எடுத்தாலும் சுற்றுவலை இருக்கட்டும்; பனிக்காலத்தில் முயல் பட்டையைக் கடிக்கும்.

முதல் இரண்டு கோடையும் மழை இல்லாத வாரங்களில் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். சுற்றிலும் மூன்றடிக்குப் புல்லை எடுத்துவிட்டு மரச் சிராய் பரப்பலாம், தண்டை மட்டும் தொடக் கூடாது. ஆண்டுக்கு ஓரடி வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. உரம் போட்டு விரட்ட வேண்டாம். புல்தரைக் களைக்கொல்லி அடிக்க வருபவர்களிடம் மரத்துப் பக்கமே போகாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அந்த மருந்து காற்றில் பட்டாலே ஓக் இலை சுருண்டுவிடும்.

கிளை கழிப்பது கடுங்குளிர் மாதங்களில் மட்டும். வசந்தத்தில் வெட்டினால், வெட்டுவாயில் கசியும் சாற்றைத் தேடி வரும் வண்டுகள், ஓக் மரத்தை வாடிச் சாகவைக்கும் ஓக் வாடல் நோயின் பூஞ்சையைக் கொண்டுவரும். சிவப்பு ஓக் வகைகளைவிட பர் ஓக் இந்த நோயைத் தாங்கும் என்றாலும் அந்த ஆபத்து நமக்கு எதற்கு? புயலில் கிளை முறிந்து கோடையிலேயே வெட்டியாக வேண்டியிருந்தால், வெட்டிய கையோடு அந்த இடத்தில் பெயிண்ட் பூசிவிடுங்கள்.