சிம்பை: எரரே காட்டாமல் தப்பாக ஓடும் இடங்கள்

க்யூ, கிளினிக் போன்றவற்றைக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் பைத்தான் லைப்ரரி சிம்பை. அதில் எழுதின மாடல் எரர் அடித்து நின்றால் கவலையே இல்லை, எந்த வரி என்று அதுவே சொல்லிவிடும். ஒரு குறையும் சொல்லாமல் ஓடி முடித்து, அழகாக ஒரு எண்ணைக் கையில் கொடுக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒரே டாக்டர் உள்ள கிளினிக்கை எடுத்துக்கொள்வோம். சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒரு நோயாளி வருகிறார், ஒருவரைப் பார்க்க சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. டாக்டர் ஒரு ரிசோர்ஸ் (பலர் வரிசையில் நின்று பயன்படுத்துவது), ஒவ்வொரு நோயாளியும் ஒரு ப்ராசஸ் (வருவது முதல் போவது வரை நடப்பது). நான் முதலில் எழுதியபோது எல்லோருக்கும் காத்திருப்பு பூஜ்யம் என்று வந்தது, கைராசி டாக்டர் போல என்று விட்டுவிட்டேன். இத்தனை நிமிடம் கடக்கட்டும் என்று சொல்லும் டைம்அவுட்டுக்கு முன்னால், அதுவரை நில் என்று சொல்லும் 'யீல்ட்' போட மறந்திருக்கிறேன், அவ்வளவுதான். யீல்ட் இல்லாவிட்டாலும் டைம்அவுட் உருவாகத்தான் செய்யும், ஆனால் அதற்காக யாரும் நிற்பதில்லை. நோயாளி உள்ளே போன அதே கணத்தில் வெளியே வந்துவிடுவார். ஃபங்ஷன் முழுக்க யீல்டே இல்லையென்றால் இது ஜெனரேட்டர் (யீல்டில் நின்று நின்று ஓடுவது) இல்லை என்று சிம்பை சண்டைக்கு வரும், டாக்டரைக் கேட்கும் வரியில் ஒன்று இருந்துவிட்டால் போதும், வாயே திறக்காது.

ப்ராசஸ் ஃபங்ஷனை, மாடலின் கடிகாரத்தை ஓட்டும் என்விரான்மென்ட்டிடம் ஒப்படைக்காமல் சும்மா கூப்பிட்டு விடுவதும் இதே கதைதான். ஜெனரேட்டர் உருவாகும், உள்ளே ஒரு வரிகூட ஓடாது.

அடுத்தது எக்ஸ்போவேரியேட், வருகை இடைவெளிகளை ரேண்டமாக எடுத்துத் தரும் பைத்தான் ஃபங்ஷன். 5 நிமிடத்துக்கு ஒருவர் என்பதால் அதில் 5 என்று கொடுத்துவிடுவோம், அதுவோ கேட்பது சராசரி இடைவெளியை அல்ல, வீதத்தை. 1/5 கொடுக்க வேண்டும். 5 கொடுத்தால் 12 வினாடிக்கு ஒருவர் வந்து நிற்பார், க்யூ தெருமுனையைத் தாண்டும்.

ரிசோர்ஸை 'வித்' போட்டே கேளுங்கள், திருப்பிக் கொடுப்பதை அது பார்த்துக்கொள்ளும். கையால் ரிலீஸ் செய்கிறேன் என்று மறந்தால் முதல் நோயாளியோடு கிளினிக் முடிந்தது. ப்ரையாரிட்டி ரிசோர்ஸில் சின்ன எண்ணுக்குத்தான் முன்னுரிமை, அவசர கேஸுக்கு 10 கொடுத்தால் அவர் கடைசியில் உட்காருவார்.

பெட்ரோல் போல அளந்து எடுப்பதை வைக்கும் கன்டெய்னரில் வேறொரு குழி. பெட்ரோல் பங்க் மாடலில் டேங்க்கின் கொள்ளளவை மட்டும் கொடுத்து தொடக்க அளவைக் கொடுக்காமல் விட்டால் அது 0 என்று எடுத்துக்கொள்ளும். வந்த வண்டியெல்லாம் பெட்ரோலுக்குக் காத்து நிற்கும், நிகழ்வுகள் தீர்ந்ததும் ரன் அமைதியாக முடிந்துவிடும். ஒரு வண்டியும் வெளியே போகவில்லை என்பது நீங்கள் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய கோடை அப்படியே ஒட்டாதீர்கள். 'ஹோல்ட்', 'செல்ஃப்' என்று யீல்டுக்குப் பின்னால் கண்டால் அது சிம்பை 2 காலத்தது, 3-லேயே அந்த முறை போய்விட்டது.

சரி, எண் சரியா என்று எப்படிப் பார்ப்பது? நம் கிளினிக்கில் வருகை இடைவெளி, பார்க்கும் நேரம் இரண்டுமே எக்ஸ்போவேரியேட் தரும் எக்ஸ்போனென்ஷியல் பரவல் என்றால் க்யூவில் சராசரிக் காத்திருப்பு 16 நிமிடம் என்று பேப்பரிலேயே கணக்குப் போடலாம். ஆனால் ஆளே இல்லாமல் தொடங்கும் ஒரு 8 மணி நேர ரன்னில் அதைத் தேடாதீர்கள், ஒரு ஸீடுக்கு (ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) ஒன்று வரும், அடுத்த ஸீடுக்கு அதில் பாதி வரும். சில லட்சம் நோயாளிகளை விட்டு ஓட்டுங்கள், 16-ஐ ஒட்டி வந்தால் அப்புறம் இரண்டாவது டாக்டரைச் சேர்க்கலாம்.